கரண்ட் சுதி

மயிலாப்பூர்
9.2.2024

அன்புள்ள பாய்ஜானுக்கு உங்கள் தம்பி மெஹபூப் பாஷாவின் ஸலாம். இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். குன்னூர்க் குளிர் உங்கள் நெஞ்சை என்ன செய்கிறது, மகள் மெஹக் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகிறாளா என்று எழுதுங்கள்.

இதை மருமகள் வஜீஹா எழுதவில்லை. மகன் ஆசிஃபும் எழுதவில்லை. நானே எழுதுகிறேன். கோணல் எழுத்தே அதற்குச் சாட்சி. கார்ப்பரேஷன் பள்ளியில் மாலை வகுப்புக்குப் போகிறேன். ஒரு வரி எழுதுவதற்குள் ஒரு டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். பஸ் போர்டில் அடையாறு என்று படித்தேன், பாய்ஜான். அதற்குள்ளேயே ஓர் ஆறு இருக்கிறது. இத்தனை வருடம் அதன்மேல் போய் வந்தும் எனக்குத் தெரியாது. கண்டக்டரிடம் சொன்னேன். "எறங்கு பெர்சு, உன் ஸ்டாப்பிங் வந்துச்சு" என்றான்.

இன்னொரு சேதி. ஈக்காட்டுத்தாங்கலில் நிரஞ்சன், ஹம்சா என்று கணவன் மனைவி இருவர் எலெக்ட்ரிக் கிதார் செய்கிறார்கள். பார்த்தால் நாம் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த காலத்துக் கிதார். அதே வளைவு, அதே கொம்பு, அதே கடல்பச்சை. உள்ளே எல்லாம் புதுசு. எடை பாதிதான். கிதார்க் கழுத்தில் கை தானாக வழுக்கிக்கொண்டு போகிறது. பேஸ் கிதார் செய்து முடித்ததும் வாசித்துப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஆள் நான். நாற்காலியில் உட்கார வைத்து, டீ கொடுத்து, வாசியுங்கள் என்கிறார்கள். கனவா என்று காலை எழுந்ததும் யோசிக்கிறேன்.

முதல் நாள் வயரை ஆம்ப் பெட்டியில் சொருகினேன். சத்தமே இல்லை. "இன்னா தம்பி, கரண்ட் கீதா இல்லியா?" என்றேன்.

"இருக்கு பாய். இரைச்சல் வராத பிக்கப் போட்டிருக்கோம்" என்றார் நிரஞ்சன். தந்திக்குக் கீழே இருக்கும் காந்தத்தையே மாற்றிவிட்டார்களாம். தந்தியைத் தொட்டேன். மழைக்கு முன்னால் தூரத்தில் வானம் பேசுவது போல ஒரு சத்தம் வந்தது.

தங்கள் கிதார்களை நாலு பேருக்குக் காட்ட நவம்பரில் ஒரு கச்சேரி வைக்கிறார்கள். பேஸ் நான். கிதார் நீங்கள். முடியாது என்று சொல்லாதீர்கள். போனில் கேட்கலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. மலையில் சிக்னல் இல்லை என்கிறாள் மெஹக். அதனால் என் முதல் கடிதத்திலேயே கேட்கிறேன். உங்கள் பழைய கிதாரை அனுப்புங்கள், புதுசாக்கி வைக்கிறோம். பின்னாலேயே நீங்களும் வாருங்கள்.

துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்,
மெஹபூப் பாஷா
(கையெழுத்தும் நானே)


குன்னூர்
2.3.2024

தம்பி மெஹபூபுக்கு, வ அலைக்கும் ஸலாம். நெஞ்சுச் சளி இறங்கிவிட்டது. மெஹக் சுகம். ஸ்வெட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறாள், போடுவதில்லை. உன் முழங்காலுக்குத் தைலம் தடவு.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். வாத்தியார் பிரம்புக்குப் பயந்து பீச்சுக்கு ஓடிய பயல் நீ. எழுபது தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறாய். பிரம்பு இன்னும் இருக்கிறதா? கோடு போட்ட தாளிலும் உன் வரி மேலே ஏறிக்கொண்டே போகிறது. உன் பேஸும் அப்படித்தான், போகப் போக வேகம் ஏறும்.

கச்சேரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இங்கே பனியில் விரல் விறைக்கிறது. பார்க்கலாம். இங்கே துணிக்கடை வைத்திருக்கும் காதர் சரக்கு எடுக்க தி. நகர் வருகிறான். கிதாரை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். திருப்பி அனுப்ப அவசரம் வேண்டாம்.

போன் செய்து சிரமப்படாதே. எழுது. உனக்கும் கை பழகும்.

எல்லாருக்கும் என் துஆ.
குலாம் ரசூல்


மயிலாப்பூர்
14.4.2024

பாய்ஜானுக்கு ஸலாம். ரம்ஜான் நல்லபடி கழிந்தது. வஜீஹா செய்த ஷீர் குர்மாப் பாயசத்தில் உங்கள் பங்கையும் நானே குடித்தேன். உங்கள் உடம்பு எப்படி? தைலம் தடவுகிறேன்.

காதர் வந்தான். பஸ்ஸில் கிதாருக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டுத் தான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தானாம். கிதார்ப் பெட்டியைத் திறந்தேன். நடுவில் தேன் நிறம், ஓரமெல்லாம் டிகாஷன் நிறம். உங்கள் சட்டை உரசி உரசி ஓர் இடம் வெளுத்திருக்கிறது. அங்கே மட்டும் பாலீஷ் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நிரஞ்சன் சுதி பார்க்கும் மெஷினை மாட்டினார். "என்ன பாய், எல்லாத் தந்தியும் ஒரே அளவு ஏறியிருக்கு?"

"அதான் தம்பி கரண்ட் சுதி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கல்யாண வீட்டில் நமக்கு ஏது ஆர்மோனியம், ஆம்ப் பெட்டியைப் போட்டதும் அடியில் உம்மென்று வரும் கரண்ட் இரைச்சலுக்குத்தான் நம் பார்ட்டி தந்தி சேர்க்கும், ஊர் முழுக்க ஒரே கரண்ட், ஒரே சுதி என்று விளக்கினேன். ஹம்சா சிரித்து சிரித்துக் கையிலிருந்த ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டாள். "அப்போ உங்க சுருதிப் பெட்டி கரண்ட் ஆபீஸா பாய்?" என்கிறாள்.

இத்தனை காலம் கழித்தும் அந்தச் சுதியிலேயே வைத்திருக்கிறீர்களே, பாய்ஜான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இனி அந்தக் கஷ்டம் இல்லை. பழைய பிக்கப்பை எடுத்துவிட்டு இரைச்சல் இல்லாத புதுசைப் போடப் போகிறார்கள். உங்கள் கிதார் குன்னூர்ப் பனி மாதிரி அமைதியாகிவிடும்.

கை நீட்டி ஸலாம் சொல்லும்,
மெஹபூப் பாஷா


குன்னூர்
20.5.2024

தம்பிக்கு ஸலாம். சுகமாக இருக்கிறேன். மெஹக்குக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை, சாப்பாட்டுத் தட்டு ஓரத்தில்கூட சிவப்பு மை.

இரைச்சல் கொஞ்சம் இருந்தால்தான் என்ன? அது ஒன்றும் செய்யாது. ஆனால் உங்கள் யோசனை எதுவோ அப்படியே செய்யுங்கள்.

அந்தப் பட்டறை எப்படி இருக்கும் என்று எழுது. கிதார்களுக்கு எப்படி நிறம் ஏற்றுகிறார்கள், வெயில் எந்தப் பக்கமாக உள்ளே வருகிறது, உன் நாற்காலி எங்கே போட்டிருக்கிறது. கண்ணால் பார்க்கிற மாதிரி எழுது.

உன் நலம் வேண்டும்,
குலாம் ரசூல்


மயிலாப்பூர்
16.6.2024

பாய்ஜானுக்கு ஸலாம். முழங்கால் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்திருக்கிறது. பக்ரீதுக்கு நீங்கள் இல்லையே என்பதுதான் குறை.

உங்கள் கடிதம் வந்தபோது வேலை முடிந்துவிட்டது. இரைச்சல் ஒரு பொட்டு இல்லை.

பட்டறையைக் கேட்டீர்கள். மேலே கம்பி கட்டி, நிறம் அடித்த கிதார்களைக் கழுத்தில் கொக்கி மாட்டித் தொங்க விடுகிறார்கள். கடல்பச்சை, பால்வெள்ளை, மாம்பழ மஞ்சள். மத்தியானம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்ததும் எல்லாம் மெல்லத் திரும்பும். ஒன்று என்னைப் பார்க்கும், ஒன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பக்கத்து லேத் பட்டறையில் இரும்பு சீவுகிற சத்தம்கூட அந்த நேரத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். என் நாற்காலி அந்த ஜன்னலுக்குக் கீழே. அங்கே உட்கார்ந்து வாசித்தால் நான் எந்த வயதில் இருக்கிறேன் என்பது மறந்துபோகிறது.

உங்கள் கிதாரை நிரஞ்சனும் பேஸை நானும் வாசித்து ஹம்சாவின் போனில் பதிந்தோம். அதை நானே, என் விரலாலேயே, மெஹக் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எப்படி என்று எழுதுங்கள்.

பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
மெஹபூப் பாஷா


குன்னூர்
28.7.2024

தம்பிக்கு ஸலாம். இங்கே விடாத மழை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மெஹக் உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள்.

பதில் தாமதம், மன்னித்துக்கொள். நீ அனுப்பியதை மெஹக் வைத்துக் காட்டினாள். அருமை. என் கிதாரின் குரல் நன்றாகத் தெளிந்திருக்கிறது. அடியில் உன் பேஸ் அவசரமில்லாமல் நதி மாதிரி ஓடுகிறது. வயதானதும் உனக்கு நிதானம் வந்திருக்கிறது. சந்தோஷம்.

கச்சேரிக்கு நிரஞ்சனே என் கிதாரை வாசிக்கட்டும். நன்றாகத்தான் வாசிக்கிறார்.

குலாம் ரசூல்


மயிலாப்பூர்
25.8.2024

பாய்ஜானுக்கு ஸலாம். வீட்டில் எல்லாரும் சுகம். நான் மட்டும் சில நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று வஜீஹா திட்டுகிறாள்.

உங்கள் கடிதத்தைப் பெருமையாக ஹம்சாவிடம் படித்துக் காட்டினேன். அவள் போனை எடுத்துப் பார்த்தாள். அனுப்பியதை என் காதில் வைத்தாள். நான் அனுப்பியது பாட்டு இல்லை, பாய்ஜான். தப்பாக வேறொன்றைத் தொட்டிருக்கிறேன். ஒரு நாள் பேஸ் பெட்டியோடு தி. நகர் போக ஆட்டோ பிடித்தபோது அவள் போன் தானாகப் பதிந்துகொண்டது அது.

"இன்னாம்மா, சவப்பெட்டி மாறி கீது, இத்த ஏத்த மாட்டேன்" என்கிறான் டிரைவர்.

"அண்ணே, அது கிதார்!"

"கிதார்னா பாடச் சொல்லு, ஏத்திக்கிறேன்."

அப்புறம் நான் சிரிக்கிறேன். பிறகு ஹாரன். அவ்வளவுதான் அதில் இருப்பது. நதி மாதிரி எதுவும் ஓடவில்லை.

பாய்ஜான், எப்போதிலிருந்து?

இதற்கு மேல் எழுத வரவில்லை.
உங்கள் மெஹபூப்


குன்னூர்
22.9.2024

தம்பிக்கு ஸலாம். நீ சாப்பிடு, முதலில்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. முதலில் குருவி. பிறகு குக்கர் விசில். பிறகு மெஹக். காதுக்கு மெஷின் வாங்கித் தந்தாள். தகரக் கொட்டகையில் கல் மழை பெய்கிற மாதிரி இருந்தது, கழற்றி வைத்துவிட்டேன். போனை எடுக்காதது அதனால்தான். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சத்தியம் வாங்கியது நான். அவள்மேல் கோபப்படாதே. அந்தப் பதிவை வைத்துவிட்டு அவள் ஒரு மாதிரி முழித்தாள். பாட்டு நன்றாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்காவிட்டாலும் காலையில் கிதாரை எடுப்பேன். ஆம்ப் பெட்டியைப் போட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்தால் அந்த இரைச்சல் கைக்குள் உறுமும். தந்தியை மீட்டினால் அதுவும் வந்து சேரும். சுதி விலகியிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு துடிக்கும். தந்தியை முறுக்கும் கீயைத் திருகத் திருகத் துடிப்பு மெதுவாகும். ஒரு நொடியில் அடங்கிவிடும். உலகத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அப்போது தோன்றும். துடைத்து உள்ளே வைத்துவிடுவேன். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பின்னே ஏன் அனுப்பினேன் என்று கேட்பாய். நீ எழுதிய முதல் கடிதத்தில் கேட்டாய். எப்படி இல்லை என்பது?

இரைச்சலை எடுத்துவிட்டீர்கள். உன் பிழை இல்லை, நான் வாய் திறக்கவில்லை. கிதாரை நீயே வைத்துக்கொள். கச்சேரிக்கு என்னை எதிர்பார்க்காதே.

குலாம் ரசூல்


மயிலாப்பூர்
20.10.2024

பாய்ஜானுக்கு ஸலாம். சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தோடு நேராகப் பட்டறைக்குப் போனேன். "தம்பி, இரைச்சலைத் திருப்பிக் குடு" என்றேன்.

"பாய், அத எடுக்கத்தான் ஊரே எங்கிட்ட வருது!"

"ஊரு வரட்டும் நைனா. எங்க பாய்ஜானுக்கு இரைச்சல் வோணும்."

கடிதத்தை வாங்கிப் படித்தார். ஹம்சாவிடம் நீட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரியைக் குடைந்து உங்கள் பழைய பிக்கப்பைத் தேடி எடுத்தாள். அவர்கள் வேலையே வேலை, பாய்ஜான். இப்போது கிதாரில் ஒரு குமிழ். மேலே இழுத்தால் பழைய கிதார், அதே உம். கீழே அழுத்தினால் புதுக் கிதார், பேரமைதி. இனி எல்லாக் கிதாரிலும் இப்படி ஒரு குமிழ் வைக்கலாமா என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பெட்டி மேல் கையை வைத்துப் பார்த்தேன். துடித்தது. திருகினேன். அடங்கியது. பஞ்சை எடுக்கவே மனம் வரவில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன ஹால். நவம்பர் முடிவில், சனிக்கிழமை சாயங்காலம். ஹம்சா டிரம்ஸ். உங்களுக்கு நாற்காலி கிடையாது. பெட்டி மேலேயே உட்காருங்கள், மொத்தப் பாட்டும் உடம்பில் ஏறும். விரலுக்குப் பாட்டெல்லாம் தெரியும், காதைக் கேட்காது. நீங்கள் வராவிட்டால் நானும் மேடையேற மாட்டேன். ஹம்சா தனியாக அடித்துக்கொண்டிருக்கட்டும்.

வாசலில் நிற்கும்,
மெஹபூப் பாஷா


குன்னூர்
8.12.2024

தம்பிக்கு ஸலாம். சுகமாக வந்து சேர்ந்தோம். மெஹக்குக்குச் சென்னை மழையில் பிடித்த ஜலதோஷம் இன்னும் விடவில்லை. ஆசிஃபும் வஜீஹாவும் பார்த்துக்கொண்டதை மறக்க மாட்டேன்.

குன்னூரில் இறங்கியதிலிருந்து மேடையில்தான் இருக்கிறேன். அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்ததும் கீழிருந்து உன் பேஸ் முதுகெலும்பு வழியாக ஏறி வந்தது. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற மாதிரி. எத்தனை காலத்துக்குப் பிறகு நீ வாசிப்பதைக் கேட்டேன்! கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் விளக்கு அணைந்து உடனே வந்ததல்லவா? பழக்கத்தில் தந்தியைத் தட்டிப் பார்த்தேன். துடித்தது. தந்தி இறங்கிவிட்டது என்று எல்லாவற்றையும் கொஞ்சம் ஏற்றி அடங்க வைத்தேன். மூன்றாவது பாட்டை ஆரம்பித்ததும் முன் வரிசை முகங்கள் மாறின. நீ வாசித்துக்கொண்டே குனிந்து கீயைத் திருகினாய். ஏன்?

நான் விலகிப் போனேனா? மறைக்காமல் எழுது. சபையில் தப்புச் சுதியில் வாசித்திருந்தால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். சுதி தெரியாதவன் கிதாரைத் தொடக் கூடாது.

குலாம் ரசூல்


குன்னூர்
10.12.2024

சாச்சாவுக்கு மெஹக்கின் ஸலாம். ஜலதோஷம் தவிர எல்லாம் சரி. உங்கள் முழங்கால் எப்படி?

அப்பாவின் கடிதத்துக்குப் பின்னாலேயே இதை அனுப்புகிறேன், அவருக்குத் தெரியாமல். அன்று கரண்ட் வரவில்லை, ஜெனரேட்டரைப் போட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. பின்னால் அது அலறிய அலறல் அவருக்குக் கேட்கவில்லை. ஜெனரேட்டர் ஓடும்போது பெட்டி சுதியை நம்பக் கூடாது, அது எகிறி நிற்கும் என்று சின்ன வயதில் அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த எகிறிய சுதிக்குச் சேர்த்துவிட்டார். ஹம்சா அக்காவின் சுதி பார்க்கும் மெஷின் சிவப்பாக எரிந்தது என்றார்கள். நீங்கள் நாலு தந்தியையும் அவர் அளவுக்கு ஏற்றியதையும் பார்த்தேன். அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கைதட்டினோம்.

கிதார் வந்ததிலிருந்து காலையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறார், சாச்சா. முன்பு போல் சுதி மட்டும் சேர்த்து உள்ளே வைப்பதில்லை. பாட்டு முழுசும் வாசிக்கிறார். நான் சமையலறையில் நின்றுகொண்டே கேட்கிறேன். பஸ்ஸைக்கூட விட்டுவிடுகிறேன்.

இப்போதே தபால்காரரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு என்ன எழுத வேண்டுமோ, உங்களுக்கே தெரியும்.

மெஹக்


மயிலாப்பூர்
5.1.2025

பாய்ஜானுக்கு ஸலாம். மார்கழிப் பனி மயிலாப்பூரிலும் இறங்கிவிட்டது. எல்லாரும் சுகம். மெஹக்கைக் கஷாயம் குடிக்கச் சொல்லுங்கள்.

பதில் எழுதப் பல தாள் வீணாயிற்று. எழுத்துத் தெரியாதபோது இந்தத் தொல்லை இல்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். தாளில் எழுதினால் அது அங்கேயே நிற்கிறது, பார்த்துக்கொண்டு.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு பஸ்ஸில் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினேன். மழைத் தண்ணீர் நிறையப் போயிற்று. அன்று வாசித்த மூன்றாவது பாட்டை நினைத்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு, ரொம்ப தூரம் போய்த் திரும்பி வந்தேன்.

ஏன் குனிந்தேன் என்று கேட்டீர்கள். மழை ஈரம், புதுத் தந்தி, கிழவன் கை. கொஞ்சம் தள்ளி நின்றது நான்தான், பாய்ஜான். முன் வரிசை முகம் மாறியது என்னைப் பார்த்துத்தான். வேண்டுமானால் நிரஞ்சனிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் இதையே சொல்வார்.

நீங்கள் சரியான சுதியில்தான் இருந்தீர்கள். எனக்குத்தான் அங்கே வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உங்கள் தம்பி,
மெஹபூப் பாஷா